இலியோஸ்டமிக்குப் பின் சாப்பிட அஞ்சும் அப்பா

கேள்வி:
என் அப்பாவுக்குப் பெருங்குடலை அகற்றி, சிறுகுடலின் முனையை வயிற்றின் மேல் திறந்துவைத்து (இதுதான் இலியோஸ்டமி) ஐந்து வாரங்கள் ஆகின்றன. அந்தத் திறப்பின் மேல் ஒட்டியிருக்கும், கழிவு சேரும் பை நிறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொண்டே வருகிறார். மோதிரம் விரலில் நிற்காத அளவுக்கு மெலிந்துவிட்டார். அவரை எப்படிச் சாப்பிட வைப்பது?

மறுமொழி 1:
பட்டினி கிடந்தாலும் குடலில் நீர் சுரக்கும், காற்றும் சேரும் என்பதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள், அம்மா. நானும் அதே அச்சத்தில் எடை இழந்தவன். பின்னர் ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, முட்டை, மீன், தயிர் என்று புரதம் விடுபடாமல் சாப்பிட்டுத்தான் தேறினேன். காளான், மக்காச்சோளம், பழத்தோல் போன்றவை குடலில் அடைத்துக்கொள்ளக்கூடும் என்பதால், முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு அவற்றைத் தவிர்த்து, பிறகு ஒவ்வொன்றாக, கூழாகும்வரை மென்று, சேர்த்துப் பார்க்கலாம்.

மறுமொழி 2:
சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் எனக்குக் கவலையளிக்கிறது. உப்பையும் நீரையும் உறிஞ்சும் பெருங்குடல் இல்லாத நிலையில், வெறும் தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடித்தால் உடலின் உப்பு மேலும் வெளியேறும், ஆகவே ஓ.ஆர்.எஸ். கரைசலை நாள் முழுவதும் சிறிது சிறிதாகப் பருகட்டும். பையில் சேர்வதை அளவுக் குவளையில் ஊற்றிக் குறித்து வையுங்கள்: 24 மணி நேரத்தில் 1.5 லிட்டரைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்து அடர்நிறமானாலோ மருத்துவரை அழையுங்கள். வயிற்று வலியோடு பையில் எதுவுமே வராமல் நின்றால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறுமொழி 3:
சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் அகற்றியிருந்தால் வைட்டமின் பி12 குறையக்கூடும். ஊசி தேவைப்படுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.