புதுப்பிப்பு: கட்டான் போட்டியில் கடைசி ஆளாக உட்கார்ந்தால்?

இண்டியானாபொலிஸ் ஜென் கான் விளையாட்டு மாநாட்டுக்குக் கிளம்புமுன் இங்கே கேட்டிருந்தேன்: வளங்கள் சேர்த்துக் குடியிருப்பும் நகரமும் கட்டும் பலகை விளையாட்டான கட்டானில் நான்காவது ஆளாக உட்கார நேர்ந்தால் மரமும் செங்கலும் பிடிப்பதா, தாதும் கோதுமையுமா? பலரும் தாது என்றீர்கள். அதையே செய்தேன்.

முதல் ஆட்டத்திலேயே கடைசி இருக்கைதான். இதில் ஒரு வசதி, இரண்டு குடியிருப்புகளையும் அடுத்தடுத்து வைக்கலாம். ஒன்றுக்கொன்று துணையாக இடம் பார்க்கலாம். 8-ஆம் எண் தாதை யாரும் தொடாமல் விட்டிருந்தார்கள் (இரண்டு பகடையில் 8 விழ 36-க்கு 5 வாய்ப்பு, சும்மாவா!). நகரத்துக்கு மூன்று தாது, இரண்டு கோதுமை, மளமளவென்று எழுப்பினேன். உடனே, வளம் வராமல் தடுக்கும் கொள்ளையன் காயைக் கொண்டுவந்து அந்தத் தாது மேலேயே உட்கார வைத்தார்கள். வீரர் அட்டைகள் வாங்கி விரட்டினேன். மூன்றாவது வீரரோடு பெரும்படையின் 2 புள்ளிகளும் சேர, மறைத்து வைத்திருந்த புள்ளி அட்டையைத் திருப்பி வெற்றிக்கான 10 புள்ளியைத் தொட்டேன்.

அடுத்த ஆட்டம் வேறு கதை. நான் முந்துவது தெரிந்ததும் யாரும் பண்டமாற்றுக்கு வரவில்லை. ஒரு செங்கலுக்கு வங்கியிடம் நான்கு கோதுமை கொடுத்தேன், கொடுமை. குறைவாகக் கொடுத்து மாற்ற உதவும் துறைமுகத்தைப் பக்கத்து ஆள் முன்பே பிடித்துவிட்டார். அரையிறுதி இல்லை.

சரி, துறைமுகத்தை எப்போது பிடிப்பீர்கள், தொடக்கத்திலேயேவா?