போட்டோகிராபி பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் காசுக்குத் தகுமா?

கிட்லென்ஸ்_காரைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். கையில் இருப்பது நிக்கான் டி3500, கூடவே வந்த 18-55 லென்ஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் செட்டிநாட்டு வீடுகள், வாரச்சந்தை, ஊருணிக்கரை என்று சுற்றி எடுக்கிறேன். அப்பர்ச்சர், ஷட்டர் ஸ்பீட், ஐஎஸ்ஓ எல்லாம் பிடிபட்டுவிட்டது, ஆனால் கொஞ்ச நாளாக எதை எடுத்தாலும் ஏற்கெனவே எடுத்த மாதிரியே வருகிறது. யூடியூபைத் திறந்தால் எந்த லென்ஸ் நல்லது என்று பார்த்துப் பார்த்தே ராத்திரி போய்விடுகிறது. அதனால் ஏதாவது ஒரு பத்திரிகைக்கு ஒரு வருடச் சந்தா கட்டி, ஒழுங்காக உட்கார்ந்து படிக்கலாம் என்று யோசனை. மனதில் இருப்பவை இரண்டு: இங்கிலாந்தின் அமெச்சூர் போட்டோகிராபர், அமெரிக்காவின் லென்ஸ்வொர்க். முதலாவதை டிஜிட்டலில், இரண்டாவதை அச்சில். 50 எம்எம் லென்ஸுக்காக ஒதுக்கி வைத்த காசிலிருந்துதான் இது போகும், தயக்கமே அதனால்தான். சந்தா கட்டுகிறவர்கள், கட்டி நிறுத்தியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

வெயில்மானி

தம்பி, நீங்கள் சொன்ன இரண்டும் ஒரே சாமான் இல்லை. அமெச்சூர் போட்டோகிராபர் 1884ல் தொடங்கிய வார இதழ். கேமரா சோதனை, லென்ஸ் சோதனை, எப்படி எடுப்பது, வாசகர் படங்கள், போட்டி எல்லாம் கலந்து வரும். லென்ஸ்வொர்க் 1993லிருந்து வருகிறது, இரண்டு மாதத்துக்கு ஒன்று, விளம்பரமே கிடையாது, எந்த கேமரா வாங்கலாம் என்ற பேச்சும் கிடையாது. ஒரு போட்டோகிராபர் எடுத்த படங்களை வரிசையாக, ஒரு பக்கத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நிறுத்திக் கொடுப்பார்கள், பெரும்பாலும் கருப்பு வெள்ளை.

முதல் வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வருடம் படித்து முடித்தால் சுற்று மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த ஒரு இதழை மட்டும் குறை சொல்லவில்லை, சொல்லித்தரும் பத்திரிகை எல்லாமே இப்படித்தான், ஏனென்றால் சொல்லவேண்டிய அடிப்படை கொஞ்சம்தான், புதிதாக கேமரா வாங்கியவரோ மாதாமாதம் வந்துகொண்டே இருக்கிறார். நம் நாட்டு இதழ் என்றால் தீபாவளிக்குப் பட்டாசு, ஜூலைக்கு மழை, கல்யாண சீசனுக்கு மணமேடை வெளிச்சம். இங்கிலாந்து இதழ் என்றால் வசந்தத்தில் காட்டுக்குள் பூக்கும் ப்ளூபெல், அக்டோபரில் இலை நிறம் மாறுவது, அப்புறம் பனி. காரைக்குடியில் பகல் பதினோரு மணி வெயிலில் வெள்ளைச் சுவரையும் அதன் முன் நிழலில் நிற்கும் ஆச்சியையும் ஒரே படத்தில் எப்படி அடக்குவது என்று அதில் எழுதப்போவதில்லை. அதுவும் வார இதழ். ஒன்றைப் படித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும்.

அடிப்படை பிடிபட்டுவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் முதல் வகை உங்களுக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எதுவானாலும் பணம் கட்டுவதற்கு முன் பழைய பிரதிகள் இரண்டு மூன்றை வாங்கி, எத்தனை பக்கம் விளம்பரம், எத்தனை பக்கம் கேமரா விமர்சனம், எத்தனை பக்கம் படம் என்று எண்ணிப் பாருங்கள். சென்னை வந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்திலும் கேட்டுப் பார்க்கலாம். இந்தியாவில் வெளியாகும் இதழ்களில் ஒரு பிரதி அங்கே போகவேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வெளிநாட்டு இதழை அங்கே எதிர்பார்க்காதீர்கள், நம் நாட்டு இதழ்கள் எப்படி என்று பார்க்க உதவும்.

தெம்பனிஸ்_ட்ரைபாட்

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே தேசிய நூலக வாரிய உறுப்பினர் என்றால் லிப்பி, பிரஸ்ரீடர் இரண்டு செயலிகளிலும் இதழ்களை இலவசமாகப் படிக்கலாம், போட்டோகிராபி இதழ்களும் அதில் உண்டு. அதனால் டிஜிட்டலுக்குத் தனியாகக் காசு கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் ஊரில் அது இல்லை, ஆனால் மேக்ஸ்டர் என்ற செயலி இருக்கிறது. 2011ல் சென்னைக்காரர்கள் தொடங்கியது. ஒரே சந்தாவில் ஆயிரக்கணக்கான இதழ்கள், அதனால் ஒரு இதழுக்கு மட்டும் வருடச் சந்தா கட்டுவதற்கு முன் நீங்கள் தேடும் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாதம் மட்டும் கட்டி, பழைய இதழ்களைப் புரட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் செய்யலாம், வெயில்மானி அண்ணன் சொன்ன எண்ணிக்கை வேலைக்கும் இது போதும்.

ஒரு விஷயம், போனில் படிக்க முடியாது. அச்சுப் பக்கத்தை அப்படியே படமாக வைத்திருப்பார்கள், மூன்று பத்தியாக ஓடும், பெரிதாக்கி, நகர்த்தி, சுருக்கி, அடுத்த பக்கம் போவதற்குள் வெறுத்துவிடும். பத்து அங்குல டேப்லெட்டாவது வேண்டும். சந்தாவை நிறுத்தினால் இதழ்களும் போய்விடும், அலமாரியில் ஒன்றும் மிஞ்சாது.

ஸ்டுடியோ_திண்டுக்கல்

லென்ஸை வாங்குங்க ப்ரோ, இதில் யோசிக்க என்ன இருக்கு. உங்கள் 18-55ஐ 55ல் வைத்தால் எஃப்5.6தான் திறக்கும், 50 எம்எம் எஃப்1.8 என்றால் மூன்று ஸ்டாப்புக்கு மேல், அதாவது எட்டு மடங்குக்கும் மேல் வெளிச்சம் உள்ளே வரும், செட்டிநாட்டு வீட்டுக்குள் பட்டாசாலைக் கூடத்தில் ஆளை எடுக்கும்போது அது எவ்வளவு பெரிய விஷயம் என்று கையில் வந்தால்தான் தெரியும். ஆனால் பார்த்து வாங்குங்க, டி3500க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. லென்ஸுக்குள்ளும் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி 50 எம்எம் விலை குறைவு என்று யாராவது தலையில் கட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் என்று போட்டிருக்கவேண்டும்.

பத்திரிகையை நம்பி வருடக் கணக்கில் பணம் கட்டுவதும் கொஞ்சம் பயம்தான். பாப்புலர் போட்டோகிராபி 1937லிருந்து ஓடிய பத்திரிகை, 2017ல் அச்சை நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு பெரியதற்கே அந்தக் கதி. கேமரா விமர்சனம் வேண்டுமென்றால் டிபிரிவியூ இணையதளத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடக்கிறது.

நிழல்தேடி

ஸ்டுடியோ அண்ணா, இணையத்திலும் எதுவும் நிலை இல்லை. அதே டிபிரிவியூவை இழுத்து மூடப்போவதாக 2023 மார்ச்சில் அமேசான் அறிவித்தது. அப்புறம் வேறொரு நிறுவனம் வாங்கியதால் தப்பித்தது. அதனால் மூடிவிடுவார்களோ என்ற பயத்துக்காகச் சந்தா வேண்டாம் என்பது சரியில்லை, மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டவேண்டாம் என்று சொல்லுங்கள், அது சரி.

கேட்டவரின் சிக்கல் வெளிச்சம் போதவில்லை என்பதில்லையே. எல்லாப் படமும் ஒரே மாதிரி வருகிறது என்கிறார். 50 எம்எம் வந்தால் பின்னணி மங்கலாகும், ஒரு மாதம் சந்தோஷமாக இருக்கும், அப்புறம் பின்னணி மங்கலான ஒரே மாதிரிப் படங்கள் வரும். அவருக்கு வேண்டியது நன்றாகத் தேர்ந்தெடுத்து அடுக்கிய படங்களை நிதானமாகப் பார்ப்பது. இன்ஸ்டாகிராமில் ஆயிரம் படம் பார்க்கலாம், ஆனால் ஒருவர் இரண்டு வருடம் ஒரே தெருவை எடுத்து, அதில் முக்கால்வாசியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மிச்சத்தில் எதை முதலில் வைப்பது, எதற்கு எதிர்ப்பக்கத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்திருப்பதை அங்கே பார்க்க முடியாது. பத்திரிகைக்கு நான் காசு கொடுப்பது அந்தத் தேர்வுக்குத்தான். அச்சில் இன்னொரு லாபமும் உண்டு. போன் திரை வெளிச்சத்தைக் கூட்டினால் எந்தப் படமும் பளிச்சென்று தெரியும், தாளில் அந்த ஏமாற்று நடக்காது, நிழலுக்குள் விவரம் இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை.

அதற்காக உடனே சந்தா கட்டச் சொல்லவில்லை. அமெரிக்க போட்டோகிராபர் ஸ்டீக்லிட்ஸ் 1903லிருந்து 1917 வரை நடத்திய கேமரா வொர்க் பத்திரிகை மொத்தம் 50 இதழ்கள், முழுவதும் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கடைசிக் காலத்தில் அதற்குச் சந்தாதாரர் நாற்பது பேர்கூட இல்லை என்பார்கள்! கடைசி இதழில் பால் ஸ்ட்ராண்ட் என்ற போட்டோகிராபர் தெருவில் எடுத்த முகங்கள் இருக்கும். சந்தையில் ஆட்களை எடுக்கும் நீங்கள் அதைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அதில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை என்றால் லென்ஸ்வொர்க் உங்களுக்குப் பிடிக்கும். சலித்தால் சந்தாக் காசு மிச்சம்.

கிட்லென்ஸ்_காரைக்குடி

எல்லாருக்கும் நன்றி. நிழல்தேடி அக்கா, ஸ்ட்ராண்ட் படங்களை நேற்று ராத்திரியே பார்த்தேன், கழுத்தில் அட்டை தொங்கும் அந்தப் பெண்மணியின் படத்தைத் தாண்டிப் போகவே முடியவில்லை. இன்னும் இரண்டு கேள்விகள். வெளிநாட்டுச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொண்டு கார்டில் காசு எடுத்துவிடுமா? அச்சுப் பிரதி தபாலில் ஒழுங்காக வருமா?

வெயில்மானி

2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதி வந்துவிட்டது. தானாகப் பணம் எடுப்பதற்கு நீங்கள் முன்கூட்டியே பதிவு செய்து ஒப்புக்கொண்டிருக்கவேண்டும், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் வங்கியிலிருந்து தகவல் வரவேண்டும், வேண்டாமென்றால் நிறுத்தலாம். ரூ.15,000க்கு மேல் என்றால் ஓடிபி இல்லாமல் நகராது. ஆனாலும் முதல் மூன்று இதழ் சல்லிசு விலை என்று கூப்பிடும் சலுகைகளில், நான்காவதிலிருந்து என்ன விலை என்பதைப் படித்துவிட்டுக் கை வையுங்கள், அந்த வரி எப்போதும் கீழே பொடி எழுத்தில்தான் இருக்கும்.

தபால் உங்கள் ஊர் தபால்காரரைப் பொறுத்தது. பெரும்பாலும் சாதாரணத் தபாலில்தான் அனுப்புவார்கள், எங்கே வருகிறது என்று பார்க்க வழி இருக்காது. வராவிட்டால் மறுபிரதி அனுப்புவார்களா என்று முதலிலேயே மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தபால் செலவு சில சமயம் இதழின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போடவேண்டும்.

கிட்லென்ஸ்_காரைக்குடி

சரி, அப்படியானால் வருடச் சந்தா இப்போதைக்கு இல்லை. லென்ஸ்வொர்க்கில் ஒரே ஒரு இதழ் வரவழைத்துப் பார்க்கிறேன். வார இதழை விட்டுவிட்டேன். மிச்சக் காசு லென்ஸுக்கு. 35ஆ 50ஆ என்று இப்போது குழப்பம், அதற்குத் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன்.

ஸ்டுடியோ_திண்டுக்கல்

போடாதீங்க ப்ரோ, ஆளுக்கு ஒன்று சொல்லிக் குழப்புவார்கள். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது, அதில் 50 எம்எம், பெரிய சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவில் 75 மாதிரி நெருக்கமாகத் தெரியும், வீட்டுக்குள் பின்னால் நகர இடம் இருக்காது. கேமராவோடு வந்த கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35ல் வைத்து டேப் ஒட்டி ஒரு சந்தை, அடுத்த வாரம் 50ல் ஒட்டி ஒரு சந்தை எடுங்க. எது தோதாக இருக்கிறதோ அதை வாங்குங்க.

நிழல்தேடி

இதை ஒத்துக்கொள்கிறேன் அண்ணா :)