ஒட்சியேற்றி சரி, போத்தலில் என்ன எழுதுவது?

அன்பின் நண்பர்களுக்கு,

ஒட்சியேற்றிக்கு, அதாவது தன்னிடமுள்ள ஒட்சிசனைக் கொடுத்து மற்றதை எரிய வைக்கிற பொருளுக்கு, எளிய சொல் தேடுகிற இந்த இழையை நாலு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன், தவணைப் பரீட்சை என்பதால் எழுத நேரம் கிடைக்கவில்லை. 'ஒட்சியேற்றி' என்ற சொல்லை மாற்றவே கூடாது என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் பிள்ளைகள் ஒட்சிசன், ஒட்சியேற்றம், ஒட்சியேற்றி, தாழ்த்தி என்று ஒரே கோவையாகப் படித்து வருகிறார்கள், தமிழ்நாட்டில் ஒட்சியேற்றியை ஆக்சிஜனேற்றி என்கிறார்கள், இரண்டும் அதனதன் வகுப்பறையில் இருக்கட்டும். நான் கேட்பது வேறு. இரசாயனவியல் படிக்காத ஒருவர் கையில் எடுக்கிற போத்தலில் என்ன எழுதுவது?

இதை ஏன் இவ்வளவு பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்கிறேன். நான் முன்பு படிப்பித்த ஒரு பள்ளிக்கூடம், நுவரெலியாப் பக்கம், தை மாதக் குளிர். ஆய்வுகூட அலுமாரியில் கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று) போத்தலும் கிளிசரின் போத்தலும் ஒரே தட்டில் இருந்தன. கொண்டிஸ் மூடியில் கீறல் விழுந்திருந்ததால் தட்டில் கொஞ்சம் பளிங்கு சிந்திக் கிடந்தது. துப்புரவு செய்ய வந்த அக்கா தட்டைத் துடைக்கும்போது கிளிசரின் சரிந்து அதன்மேல் ஊற்றிவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அவர் பழைய துணியால் எல்லாவற்றையும் வழித்துத் துணியைக் கடதாசிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். குளிரில் கிளிசரின் தேன் மாதிரித் தடித்திருக்கும், பளிங்குகளுக்கிடையே மெதுவாகத்தான் இறங்கும், சூடு ஏறவும் நேரம் எடுக்கும், அதனால் வெயில் ஊரில் சட்டென்று புகைகிற இந்தக் கலவை எங்கள் பக்கம் நிமிடக் கணக்கில் சும்மா கிடந்து ஆளை ஏமாற்றும். அப்புறம் புகை வந்தது, அடுத்த மூச்சில் ஊதா கலந்த சுவாலை. கூடையும் பக்கத்தில் தொங்கிய திரைச்சீலையும் எரிந்தன. இரண்டு வாளித் தண்ணீரோடு அணைந்தது, யாருக்கும் காயமில்லை.

அந்த அக்கா என்னிடம் கேட்டார், "சேர், அதுல எரியும்னு எழுதலியே?"

உண்மைதான். 'பொற்றாசியம் பரமங்கனேற்று, ஒட்சியேற்றி' என்று என் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அவருக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. 'எரியும்' என்று எழுதியிருந்தாலும் பிழைதான், ஏனென்றால் கொண்டிஸ் தானாக எரியாது, மற்றதை எரிய வைக்கும். போத்தலில் ஒட்டுகிற ஆபத்துப் படக்குறியும் இங்கே கைகொடுக்காது. எளிதில் தீப்பற்றும் பொருளுக்குத் தனிச் சுவாலை, இதற்கு வட்டத்தின் மேல் சுவாலை, அவசரத்தில் பார்க்கிறவருக்கு இரண்டும் நெருப்புப் படம்தான். அந்த வட்டம் சொல்ல வந்ததைச் சொல்ல ஒரு சொல் வேண்டும்.

இனி இந்த இழையில் நீங்கள் எழுதியிருக்கிற சொற்களைப் பார்ப்போம்.

> எரியூக்கி என்று வைக்கலாமே, வினையூக்கி மாதிரி.

காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகளைக் குழப்பும். வினையூக்கி தான் செலவாகாமல் வினையை வேகப்படுத்துவது. இந்த உப்புகள் தங்களிடமுள்ள ஒட்சிசனைக் கொடுத்துத் தாங்களே மாறிவிடும். பரமங்கனேற்றில் ஒட்சியேற்ற எண் +7இல் இருக்கிற மங்கனீசு +4க்கோ, அமிலம் இருந்தால் +2க்கோ இறங்குகிறது. கொண்டிஸ் தொட்ட விரலில் மறுநாளும் போகாத கபில நிறக் கறை இருக்கிறதே, அது அப்படி இறங்கிய மங்கனீசீரொட்சைட்டுத்தான்.

> எரிதுணை. சின்னச் சொல், லேபலில் அடங்கும்.

வழித்துணை, பேச்சுத்துணை என்று ஆறுதலாகப் பழகிய சொல்லை எச்சரிக்கைக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை, மன்னிக்கவும்.

> தீவளர் உப்பு.

இதுதான் கிட்ட வந்தது. ஆனால் 'வளர்' தன்வினை, வினைத்தொகையாக வாசித்தால் தீயில் வளர்ந்த உப்பு என்றும் பொருள் போகலாம். வளர்ப்பது வேண்டும், ஆகவே 'தீவளர்ப்பி' என்று சொல்லிப் பார்க்கிறேன். தீவளர்ப்பி உப்பு, தீவளர்ப்பித் தூள், தீவளர்ப்பிகள் என்று பன்மையும் எடுக்கும். 'வளர்' என்றதும் கோழி வளர்ப்பு ஞாபகம் வருகிறது என்று இழையில் ஒருவர் எழுதியிருந்தார். தோட்டத்துத் திருவிழாவில் தீமிதிக்கு விறகு அடுக்கித் 'தீ வளர்க்கிறோம்' என்றுதானே சொல்கிறோம்? வளர்க்கிறவர் எரிவதில்லை, விறகுதான் எரிகிறது. எனக்கு வேண்டிய பொருள் அச்சாக அதில் இருக்கிறது.

பரமங்கனேற்று, குளோரேற்று, வெடியுப்பு உள்ளிட்ட நைத்திரேற்றுகள், பீலிக்கு மேலே தண்ணீர்த் தாங்கியில் போடுகிற குளோரின் தூள், எல்லாம் இந்தச் சொல்லுக்குள் வரும். 2020 ஆகஸ்ட் 4இல் பெய்ரூத் துறைமுகத்தில் வெடித்த 2750 தொன் அமோனியம் நைத்திரேற்றும் இந்தக் கூட்டம்தான், அது வருடக்கணக்காகக் களஞ்சியத்தில் மூட்டையாகக் கிடந்தது.

கொண்டிஸ் என்ற பேரை எடுத்துவிடலாம் என்று சொன்னவருக்கு: தயவுசெய்து வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இதைக் கிருமிநாசினியாக விற்ற ஹென்றி பொல்மன் கொண்டியின் பெயர் அது, இங்கே லயத்துப் பாட்டிக்கும் தெரியும். தெரிந்த பேர் மேலே இருந்தால்தான் கீழே உள்ள புதுச் சொல்லை வாசிப்பார்கள். 'கிருமிநாசினி' என்று மட்டும் எழுதுவதுதான் ஆபத்து, மருந்து என்று நினைத்துப் பளிங்கை நேரே புண்ணில் வைக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது தோலைச் சுட்டுவிடும். புண் கழுவ 1 கிராமுக்கு 10 லீற்றர் தண்ணீர், ஒரு பளிங்கு மணிகூட மிச்சமில்லாமல் கரைய வேண்டும், நிறம் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும்.

அலுமாரி விஷயத்தில் நான் இப்போது செய்வது இதுதான். கிளிசரின், ஸ்பிரிட்டு, சீனி, கந்தகம், மண்ணெண்ணெய் ஒன்றையும் அதே தட்டில் வைப்பதில்லை, பலகைத் தட்டிலும் வைப்பதில்லை. எங்கள் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் மூடி இறுக்கமாக இருந்தே ஆக வேண்டும், குளோரின் தூள் ஈரத்தில் வீரியமும் இழந்துவிடும். செறிந்த சல்பூரிக்கமிலம் கொண்டிஸோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடிய எண்ணெய் போன்ற ஒன்று உண்டாகும், ஐதரோக்குளோரிக்கமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், ஆகவே அமிலங்கள் வேறு அலுமாரியில். தீப்பிடித்தால் மண்ணை அள்ளிப் போடுவது நமக்குப் பழகிய கை, இங்கே அது உதவாது, காற்றை மறித்தாலும் உப்பே ஒட்சிசன் கொடுத்துக்கொண்டிருக்கும். நிறையத் தண்ணீர்தான்.

சரி, லேபலுக்கு நான் எழுதிப் பார்த்தது கீழே. திருத்துங்கள், முக்கியமாகக் கடைசி வரியை. அந்த அக்காவிடம் வாசித்துக் காட்டினேன், 'மரத்தூள்' என்று இருந்த இடத்தில் துணியையும் கடதாசியையும் சேர்க்கச் சொன்னது அவர்தான்.

கொண்டிஸ் (பொற்றாசியம் பரமங்கனேற்று)
தீவளர்ப்பி உப்பு: தான் எரியாது, மற்றதை எரிய வைக்கும்
எண்ணெய், கிளிசரின், ஸ்பிரிட்டு பக்கத்தில் வைக்காதீர்கள்
கொட்டினால் துணி, கடதாசி, மரத்தூள் போடாதீர்கள், பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளிவிட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்