ஒரே ஒரு காட்சிப் பேழையில் இரவில் ஏறும் ஈரப்பதம்: உதவி தேவை

11 ஆண்டுகளாகப் பயணக் கண்காட்சிகளைத் தயாரித்து வருகிறேன். இப்படித் திணறியதில்லை.

மூன்றாவது அரங்கில் திறந்து 19 நாட்கள் ஆகின்றன. வண்ணம் பூசிய மர முகமூடிகள் உள்ள பேழையில் ஈரப்பதம் பகலில் 50 சதவீதம், இரவில் 61. ஒப்பந்தப்படி 45 முதல் 55 வரைதான் இருக்கலாம். ஒரு முகமூடியின் நெற்றியில் வண்ணப் படலம் மெல்ல எழும்பியிருக்கிறது. வந்திறங்கிய அன்று எழுதிய நிலை அறிக்கையில் அது இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

பெட்டிகளைத் திறக்குமுன் 24 மணி நேரம் கூடத்திலேயே வைத்திருந்தோம். பேழையின் ரப்பர் விளிம்புகளை மாற்றினேன். ஈரத்தை உறிஞ்சியும் வெளியிட்டும் சீராக வைக்கும் சிலிக்கா ஜெல்லை 50 சதவீதத்துக்குப் பதப்படுத்தி அடித்தட்டில் இருமுறை புதுப்பித்தேன். ஈரப்பதப் பதிவுக் கருவிகளைப் பார்த்தால், இரவில் குளிர்சாதனம் நின்ற இரண்டு மணி நேரத்தில் கூடத்தோடு சேர்ந்து பேழையின் உள்ளேயும் ஏறுகிறது. இரவிலும் ஓட்டக் கேட்டேன், அரங்கினர் மறுத்துவிட்டார்கள். இதே அமைப்புள்ள மற்ற நான்கு பேழைகள் சீராகவே இருக்கின்றன. ஆகவே கசிவு என்றே நினைக்கிறேன். முகமூடிகளைக் கண்காட்சிக்கு இரவல் கொடுத்தவர்கள் அவற்றைத் திரும்பப் பெற யோசிக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

முகமூடிகளை வெளியே எடுக்காமல், காற்று எங்கே கசிகிறது என்று கண்டறிய நீங்கள் கையாண்ட வழி எது?