கிடா உரிக்கிற கத்தி உடைஞ்சிருச்சு, மாத்தா எதை எடுக்கலாம்?

கோட்டையூரான்:
வெளிநாட்டிலிருந்து வந்த வேட்டைக்கத்தி ஒன்னு கைவசம் இருந்துச்சு. 4 அங்குல அலகு, முதுகுல வயிறு கிழிக்கிற கொக்கி. தொடை மூட்டைக் கழட்டும்போது நெம்பினதுல முனை அரை அங்குலம் ஒடிஞ்சுபோச்சு, பிடியும் ஆடுது. மாசிக் களரிக்கு (மாசி மாச குலசாமி கும்பிடு) 3 கிடா, ஒவ்வொன்னும் உயிர் எடை 20 கிலோவுக்கு மேல. தொங்கவிட்டுத்தான் உரிப்போம். அதே மாதிரி வேட்டைக்கத்தியே திரும்ப வாங்கலாமா, இல்ல காரைக்குடியில கறிக்கடைக்காரங்க வச்சிருக்கிற மாதிரி எடுக்கலாமா? துருப்பிடிக்காத இரும்பா, பட்டறை இரும்பா? (இங்கே வேட்டைப் பேச்சு இல்லைங்க. 1972 வனவிலங்குச் சட்டம் தெரியும்.)

கறிக்கட்டை:
தம்பி, அந்தக் கத்தி கெட்ட கத்தி இல்ல, வேலைதான் வேற. அமெரிக்காவுல மானைச் சுட்ட இடத்துலயே தரையில போட்டு குடலை எடுக்கிறவனுக்குச் செஞ்சது. அவனுக்கு ஒரே கத்தி, இடுப்புல கட்டிக்கிட்டு நடக்கணும், அதான் 4 அங்குலம். நீங்க கிடாவைத் தொங்கவிட்டு, தண்ணி பக்கத்துல வச்சுக்கிட்டு செய்யிறீங்க. உங்களுக்கு 2 கத்தி வேணும், ஒன்னு போதாது.

முதல்ல தோல் உரிக்கிறதுக்கு 5 இல்ல 6 அங்குலம், வயிறு மாதிரி வளைஞ்ச வாய் (வெட்டுற ஓரம்), முனை மேல் நோக்கி ஏறணும். வளைவு இருந்தா சவ்வுல ஒரு இடம் மட்டும்தான் படும், தோல் ஓட்டையாகாது. நேர் வாய்க் கத்தியில முனை குத்திக்கிட்டே இருக்கும், தோல் விலைபோகாது. ரெண்டாவது, எலும்பிலிருந்து கறி எடுக்கிற ஒடுக்கமான 6 அங்குலக் கத்தி, வளையாத அலகா. மூட்டுக்கு அதான்.

கொக்கியை மறந்துருங்க. கொழுப்பும் மயிரும் அடைச்சுக்கும், மழுங்கினா கல்லுல தீட்டவும் முடியாது, உருண்டை அரம்தான் போடணும்.

விக்டோரினாக்ஸ்ங்கிற சுவிஸ் கம்பெனிக் கத்தியில, ஃபைப்ராக்ஸ்ங்கிற வழுக்காத பிடி போட்டதுல ரெண்டு வகையும் வருது. அந்த இரும்பு கொஞ்சம் மெதுவானது, கடினத்தை அளக்கிற ராக்வெல் கணக்குல ஏறக்குறைய 56. ரொம்பக் கெட்டியான இரும்புன்னு விளம்பரம் பண்றதை வாங்கிட்டு, தீட்டுக்கம்பியில 4 இழுப்பு இழுத்தா வாய் வரலைன்னு திட்டாதீங்க. வேலை நடுவுல கம்பியில உரசி நிமிர்த்திக்கிற கத்திதான் 3 கிடாவுக்கும் தாங்கும்.

பட்டறைவாசல்:
கறிக்கட்டை அண்ணன் சொன்னது சரி. ஆனா நம்ம ஊர்ப் பட்டறையை ஒதுக்க வேண்டாம். திருப்பாச்சேத்தி பக்கம் அருவா அடிக்கிறவங்ககிட்டயே உரிகத்தியும் அடிச்சு வாங்கலாம். லாரிப் பட்டையில (லாரிக்கு அடியில இருக்கிற வில் பட்டை) அடிக்கச் சொல்லுங்க, கட்டட வேலைக்கம்பி வேண்டாம், அது வாய் நிக்காது. சொல்ல வேண்டியது 4:

அலகு முதுகுல 3 மில்லிமீட்டருக்கு மேல கனம் வேண்டாம். காம்பு (பிடிக்குள்ள போற அலகோட வால்) பிடியோட கடைசி வரைக்கும் போகணும், 3 ஆணி அடிக்கணும். உங்க பிடி ஆடினதுக்குக் காரணம் அனேகமா அரைக்காம்புதான். பிடிக்கும் வாய்க்கும் நடுவுல விரல் சறுக்காம ஒரு முட்டு வேணும், கொழுப்புக் கையில அதுதான் காப்பாத்தும். தோய்ச்சல் கொடுத்த பிறகு திரும்ப மெல்லச் சூடு காட்டி, வாய் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும் நிறுத்தணும். நீலம் ஏறிட்டா சூடு சுமார் 300 பாகை செல்சியஸுக்குப் போயிருச்சுன்னு அர்த்தம், அது சுருள்வில்லுக்கு ஆகும், கத்திக்கு மெதுவு.

சைக்கிள் சாணைக்காரர்கிட்ட கொடுத்தா இதே நீலத்தைப் பாருங்க. வாய் ஓரம் நீலக்கோடு விழுந்தா அந்த இடம் இனிமே மடியும், தேய்ச்சுத் தள்ளினாத்தான் நல்ல இரும்பு வரும். தண்ணி தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்க.

பட்டறைக் கத்திக்குத் துரு உண்டு. காய வச்சு விளக்கெண்ணெய் தடவ சோம்பலா, துருப்பிடிக்காத இரும்புல வாங்கிக்கோங்க, அதுல வெட்கம் ஒன்னும் இல்ல.

சுவரொட்டி:
எந்தக் கத்தி வாங்கினாலும் 10 நிமிடத்தில் மழுங்கினால் குற்றம் பெரும்பாலும் கத்தியில் இல்லை, வெட்டும் திசையில். மயிருக்கு மேலிருந்து வெட்டினால் வாய் போகும்; மயிரில் மண் ஒட்டியிருக்கும், கறியிலும் மயிர் ஒட்டும். குதிநரம்புக்குப் பக்கத்தில் சிறு கீறல் போட்டு, கத்தியைத் தோலுக்கு அடியில் நுழைத்து, வாயை வெளிப்பக்கம் திருப்பி உள்ளிருந்து வெளியே கிழியுங்கள். தொடையின் உள்பக்கமாக இரண்டு கோடும் இப்படித்தான். அதன்பின் விலாவிலும் முதுகிலும் கத்தியே தேவையில்லை, கைமுட்டியால் தள்ளினால் தோல் பிரியும். இளங்கிடாவில் இன்னும் எளிது. ஆற விட்டால் ஒட்டிக்கொள்ளும், எனவே உடனே உரிப்பது நல்லது.

வயிற்றைத் திறக்கையில் வாய் வெளிநோக்கி இருக்க, கத்தி முனையின் இருபுறமும் இடது கையின் இரண்டு விரல் போட்டு, குடலை உள்ளே அமுக்கிக்கொண்டே இறங்குங்கள். அதற்கு முன்பே மலவாய் சுற்றிலும் அறுத்து, குடலை வெளியே இழுத்துக் கயிறு போட்டுக் கட்டுங்கள். கழுத்தில் உணவுக்குழாய்க்கும் ஒரு கட்டு. இந்தக் கட்டு இல்லாவிட்டால் இரைப்பைச் சாறு கறிமேல் வழியும். பித்தப்பையை ஈரலோடு சேர்த்து எடுத்து, பிறகு ஈரலில் சிறு துண்டோடு வெட்டி விடுங்கள். உடைந்தால் கசப்பு ஈரலில் ஏறிவிடும். மூட்டை நெம்ப வேண்டாம், முனையால் நரம்பைத் தேடி அறுத்தால் தானே கழலும். நெஞ்செலும்புக்கு அருவாளும் புளியங்கட்டையும்தான். கத்தியைக் கொண்டு எலும்பு பிளக்க முயன்றால் வாய் பல்பல்லாகச் சிதறும்.

கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். சுடுதண்ணீர் முதலில் பட்டால் இரத்தம் உறைந்து பிடிக்குள் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் சோப்பும் சுடுதண்ணீரும்.

கோட்டையூரான்:
நன்றி அண்ணே, எல்லாருக்கும். அப்ப உரிகத்தி ஒன்னு, ஒடுக்கக் கத்தி ஒன்னு, தீட்டுக்கம்பி ஒன்னு. கல்லுல எந்தச் சாய்வுல தீட்டணும்? உடைஞ்ச கத்தியைத் தூக்கிப் போட்டுரலாமா?

பட்டறைவாசல்:
1 அங்குல அகல அலகுன்னா முதுகைக் கல்லிலிருந்து 9 மில்லிமீட்டர் தூக்குங்க, 20 பாகை ஆகும். ரெண்டு பக்கமும் அதே அளவு. ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்கம் வாய் ஓரத்துல மெல்லிசா மடிஞ்ச பிசிறு விரல்ல தட்டணும், தட்டினதும் திருப்புங்க. தட்டாம திருப்பினா எத்தனை நாள் தீட்டினாலும் வாய் வராது.

பழசைப் போடாதீங்க. முனையை முதுகுப் பக்கமிருந்து தண்ணி தொட்டுத் தேய்ச்சு இறக்குங்க, வாய்ப் பக்கத்தைத் தொடாதீங்க. கொக்கியையும் அதோட தேய்ச்சிருங்க. 3 அங்குலக் கத்தி ஒன்னு மிஞ்சும், தலைக்கறியில காது, நாக்கு எடுக்கத் தோதா இருக்கும். பிடியை மட்டும் மாத்துங்க.