சிகாகோவை நடந்து பார்த்தவர்களே, அங்கே சந்தித்தவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

நானே தொடங்குகிறேன். நேரம் குறைவாக இருந்தால் டியர்பார்ன் தெரு ஒன்றே போதும். டேலி பிளாசா சதுக்கத்தில் பிக்காசோவின் சிற்பம், தெற்கே நடந்தால் ஷகாலின் மொசைக் (சில்லுகள் பதித்த ஓவியம்), அடுத்து கால்டரின் சிற்பம். மூன்றும் தெருவோரத்தில், டிக்கெட் இல்லாமல். காரில் போனால் கண்ணில் பட்டதும் மறைந்துவிடும்.

பிக்காசோ சிற்பம் 50 அடி உயரம், 1967-இல் திறந்தார்கள். தர முன்வந்த 1,00,000 டாலரை மறுத்து, ஊருக்கே கொடையாகக் கொடுத்துவிட்டார் மனிதர். பெயரும் வைக்கவில்லை. நான் போனபோது பீடத்தின் சரிவில் ஒரு சிறுமி சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாத்தாவிடம் பேச்சுக் கொடுத்தேன். சின்ன வயதில் அவரும் அதே சரிவில் சறுக்கியவராம். பின்னால் நிற்கும் நீதிமன்றக் கட்டடத்தைக் காட்டி, "இரண்டும் ஒரே எஃகு, மேலே படியும் துருதான் உள்ளே இருப்பதைக் காக்கிறது" என்றார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, பிள்ளைகள் சறுக்கும் இடம் மட்டும் வழவழப்பு.

ஷகாலின் 'நான்கு பருவங்கள்' 70 அடி நீளப் பெட்டி போன்ற மொசைக், 1974-இல் வைத்தது. பலரும் ஒரு பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். பக்கத்து அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு அம்மா படியில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சுற்றி வாங்க, நாலு பக்கமும் படம் இருக்கு" என்று எழுந்து கூடவே வந்தார். கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லும் கண்ணாடியுமாகப் பொடிச் சில்லுகள். ஷகால் இங்கே வந்தபிறகு சிகாகோ செங்கல் துண்டுகளையும் சேர்த்துப் பதித்திருக்கிறார். அவர் முன்பு பார்த்த ஊர் மாறிப்போயிருந்ததால், வரைந்திருந்த கட்டட வரிசையையும் மாற்றினாராம். எனக்கு இதுதான் அந்தத் தெருவிலேயே பெரிய விஷயம்.

கால்டரின் சிவப்பு 'ஃபிளமிங்கோ'வைத் தூரத்திலிருந்து பார்க்காதீர்கள். அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள்.

* * *

மேலே எழுதியவருக்கு நன்றி. அங்கிருந்து மிஷிகன் அவென்யூ நடக்கிற தூரம்தான். அங்குள்ள கலை அருங்காட்சியகமான ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குக் கட்டாயம் போங்கள். சென்னை இளைஞர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டி அனுப்பிவைத்த விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11 அன்று பேசியது இந்தக் கட்டடத்தில்தான்.

உள்ளே நாகப்பட்டினத்துப் புத்தர் இருக்கிறார். 12-ஆம் நூற்றாண்டு, கருங்கல், தியானக் கோலம். அவர் எதிரே வயதான ஒரு பெண்மணி பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகளை மட்டும் திரும்பத் திரும்ப அழித்து வரைந்தார். சோழர் துறைமுகம் அது, ராஜராஜன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் கட்டிய பௌத்த விகாரம் அங்கே இருந்தது என்று சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கப்பல் எந்த வழியாக வரும், தமிழ்நாட்டில் பௌத்தர்கள் எத்தனை காலம் இருந்தார்கள் என்று கேள்விமேல் கேள்வி. காவலர் வந்து மூடும் நேரம் என்று சொல்லும்வரை பேசினோம். நம்மூர் அருங்காட்சியகத்தில்கூட யாரும் என்னிடம் இவ்வளவு கேட்டதில்லை.

* * *

டேலி பிளாசா வரை போகிறவர்கள் அதே வாஷிங்டன் தெருவில் கிழக்கே நடந்தால் கல்ச்சுரல் சென்டர் வரும். 1897-இல் பொது நூலகமாகத் திறந்த கட்டடம், நுழைவு இலவசம். மாடியில் 38 அடி விட்டத்தில் டிஃபனி நிறுவனத்தின் வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், ஏறத்தாழ 30,000 துண்டுகள். அங்கிருந்த காவலர், "முன்னெல்லாம் இதுக்கு விளக்கு வெளிச்சம்தான்" என்றார். மேலே மூடியிருந்த கான்கிரீட்டை 2008 சீரமைப்பில் எடுத்த பிறகுதான் சூரிய ஒளி உள்ளே வருகிறது. ஆகவே மாலைக்குத் தள்ளிப்போடாமல் பகலிலேயே போய்விடுங்கள்.