கேசரோலுக்குத் தமிழ்ச்சொல்: ‘சட்டிக்கூட்டு’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். ‘கேசரோலுக்குத் தமிழில் என்ன சொல்வது?’ என்று போன வாரம் நான் கேட்ட ஒரு வரிக் கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக: அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதமாகத் தங்கியிருக்கிறேன். அங்கிருந்து ஹோம்ஸ் கவுண்டி காரில் போகிற தூரம். பழைய வாழ்க்கைமுறையை விடாத கிறித்தவக் குழுவினரான ஆமிஷ் மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே வாங்கிவந்த நூடுல்ஸையும் கொத்துக்கறியையும் வைத்து, மகளின் பக்கத்து வீட்டு அம்மா ஒரு கேசரோல் செய்யச் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கலந்து, ஓவன் அடுப்புக்குள் வைத்து வேகவைக்கும் பண்டம் அது. ஊரில் இருக்கும் தங்கச்சிகளுக்காக அதன் செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே, பெயரிலேயே, நின்றுவிட்டேன்.

> கேசரோல் என்றே எழுதிவிடலாமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்தான், ஆனால் வேறு பொருளில் தெரிந்த சொல். நம் ஊர்ப் பாத்திரக்கடையில் கேசரோல் என்றால் சப்பாத்தியும் இட்லியும் சூடாக இருக்கப் போட்டு மூடும் ஹாட்பாக்ஸ். கல்யாணச் சீரில்கூட வைப்பார்கள். “இன்னைக்கு கேசரோல் செஞ்சேன்” என்று போனில் சொன்னபோது என் தங்கச்சி, “வாங்கினேன்னு சொல்லு” என்று திருத்தினாள். பிரெஞ்சில் இதே சொல் கைப்பிடி வைத்த சிறு பாத்திரத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் பாத்திரத்துக்கும் அதில் செய்யும் பண்டத்துக்கும் ஒரே பெயராகிவிட்டது. நம்மிடம் வந்தபோது பாத்திரம் மட்டும் வந்தது, அதுவும் உருமாறி. ஆகவே அப்படியே எடுத்துக்கொண்டால் படிப்பவர் குழம்புவார்.

> வெதுப்படிசில் என்பது என் பரிந்துரை. அடிசில் சங்கப் பாடல்களிலேயே உண்டு.

ஐயா, உணவைக் குறிக்கும் அடிசில் எனக்கு மிகவும் பிடித்த சொல். நெய்யும் சோறும் சேர்ந்த மணம் அதில் இருக்கிறது. ஆனால் அடுப்படியில் நிற்கிற பெண் பிள்ளையைக் கூப்பிட்டு “வெதுப்படிசில் ரெடி” என்று சொல்வாளா? வாயில் வராத சொல் அகராதியோடு நின்றுவிடும் என்பது என் அச்சம். இன்னொன்று, வெதுப்பகம் என்ற சொல் பேக்கரிக்கு நிலைத்துவிட்டது உண்மை. ஆனால் தமிழ்நாட்டில் தனியாக வெதுப்பு என்றால் வெதுவெதுப்புத்தான் நினைவுக்கு வருகிறது. கொதிக்கக் கொதிக்க வெளியே எடுக்கிற பண்டத்துக்கு அது பொருந்தவில்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ‘போறணை’யை நினைவூட்டினார். பாண், அதாவது ரொட்டி, சுடும் அடுப்புக்கு அது அருமையான சொல். அடுப்பின் பெயர் வேண்டிய இடத்தில் நாம் அதைத்தான் எடுக்க வேண்டும்.

> அடுக்குணவு?

இந்தப் பண்டத்தில் அடுக்கு கிடையாது, எல்லாம் கலந்துதான் போகிறது. அடுக்குணவை லசானியாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, பெயரை விட்டுவிட்டுச் சமையலைப் பார்ப்போம். நான் சொல்ல வருவது அங்கேதான் இருக்கிறது.

அரைக்கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மாட்டுக் கொத்துக்கறி, ஒரு பெரிய வெங்காயம், உப்பு, மிளகுத்தூள். கறியை உதிர்த்துவிட்டுச் சிவக்க வதக்கி, மிதக்கும் கொழுப்பை வடித்துவிட வேண்டும். நூடுல்ஸ் கால் கிலோ. இது நம் தெருவோர எக் நூடுல்ஸ் அல்ல. மாவைத் தண்ணீருக்குப் பதில் முட்டையில் பிசைந்து, தேய்த்து, வெட்டி, உலர்த்தியது. வெளிர்மஞ்சள் நிறம், அரைவிரல் அகலம், நாடா போலச் சுருண்டிருக்கும். செய்முறையில் ‘முட்டை நூடுல்ஸ்’ என்று எழுதினால் நம்மவர்கள் முட்டையை உடைத்து ஊற்றிவிடுவார்கள். அதனால் ‘முட்டைமாவு நாடா’ என்று எழுதியிருக்கிறேன். நூடுல்ஸ் என்றதும் நமக்குச் சீனாதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தச் சொல்லே ஜெர்மன் மொழியின் ‘நூடெல்’லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. ஆமிஷ் மக்கள் 1693இல் யாக்கோப் அம்மான் தலைமையில் பிரிந்த கிறித்தவக் குழுவின் வழிவந்தவர்கள். சுவிட்சர்லாந்து, அல்சாஸ், தெற்கு ஜெர்மனி பக்கத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவுக்குக் குடியேறத் தொடங்கினார்கள். இன்றும் வீட்டில் பேசுவது ஒரு ஜெர்மன் கிளைமொழிதான். முட்டைமாவு நாடாவும் அந்தச் சமையல் வழியில் வந்ததுதான்.

நாடாவை முக்கால் பதத்தில் வடித்துவிட வேண்டும். மீதி வேக்காட்டை அடுப்புக்குள் சாற்றை உறிஞ்சியே முடித்துக்கொள்ளும். அப்புறம் டின்னில் வரும் கெட்டித் தக்காளி சூப் ஒன்று, காளான் சூப் ஒன்று, கைப்பிடி சீஸ். எல்லாவற்றையும் கிளறி அகலச் சட்டியில் பரப்பி, மேலே வெண்ணெயில் பிசறிய ரொட்டித்தூள் தூவி, 180 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம். ஓரங்களில் குமிழியிட ஆரம்பித்து, மூலைகளில் சீஸ் பழுப்பேறியதும் எடுத்துவிடலாம். இதற்கு நெருங்கிய உறவான ஒன்றை ஆமிஷ் வீடுகளில் ‘யமசெட்டி’ என்கிறார்கள். மின்கம்பி இணைப்பு இல்லாத வீடுகளிலும் காஸ் அல்லது விறகு அடுப்பில் இதெல்லாம் நடக்கிறது.

முதல் கரண்டி எடுத்தபோதுதான் எனக்குப் பெயர் தோன்றியது. கரண்டி எடுத்த இடம் பள்ளமாகவே நின்றது. குழம்பாக இருந்தால் ஓடிவந்து மூடியிருக்கும். பொரியலாக இருந்தால் உதிர்ந்து சரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில், தனித்தனியே வெந்த பொருள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிற பதம். இதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: கூட்டு!

அதனால் ‘சட்டிக்கூட்டு’ என்று முன்மொழிகிறேன். கல்தோசை, குழாய்ப்புட்டு, தட்டு இட்லி என்று பாத்திரத்தை முன்னால் வைத்துப் பண்டத்தைச் சொல்வது நம் வழக்கம். மலபாரில் இறைச்சியும் மெல்லிய ரொட்டி போன்ற பத்திரியும் அடுக்கிச் செய்வதைச் சட்டிப்பத்திரி என்கிறார்கள். அந்த வரிசையில் இதுவும் உட்கார்ந்துகொள்ளும். பாத்திரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் ‘கூட்டுச்சட்டி’. இரண்டும் இடம் மாறினால் பொருளும் மாறும், ஆங்கிலத்தில் இருக்கிற குழப்பம் நமக்கு இருக்காது.

இரண்டு மறுப்புகள் வரும் என்று தெரியும். கூட்டு சைவம், அதுவும் தொடுகறி என்பீர்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் கூட்டாஞ்சோறு முழுச் சாப்பாடு. பருப்பும் காயும் அரிசியும் ஒரே பானையில் வேகும். சிறு வயதில் ஆளுக்கொரு பிடி வீட்டிலிருந்து கொண்டுவந்து திண்ணையோரம் பொங்கியதும் கூட்டாஞ்சோறுதான். குழந்தை பிறந்த வீட்டுக்கும் துக்க வீட்டுக்கும் அக்கம்பக்கத்தார் சட்டியோடு தூக்கிக்கொண்டு போகிற பண்டம் அமெரிக்காவில் கேசரோல். அந்த ஊரார் கைகள் கூடுவதையும் ‘கூட்டு’ தாங்குகிறது. வேறெந்தச் சொல்லும் இதைத் தரவில்லை, அதனால்தான் இதற்காக இவ்வளவு வாதாடுகிறேன்.

அடுத்தது, அடுப்புக்குள் வேகிறது என்பது பெயரில் இல்லையே என்பது. கல்தோசையிலும் தீ இல்லை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் இதே பண்டத்தை ‘ஹாட் டிஷ்’ என்கிறார்கள். சூடான பண்டம், அவ்வளவுதான். ஓவன் இல்லாத வீட்டில் கனத்த சட்டியை மூடிபோட்டுச் சிறுதீயில் வைத்தும் செய்யலாம். பெயர் அதற்கும் இடம் கொடுக்கட்டும்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். மகளிடம், “மிஞ்சின சட்டிக்கூட்டு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு” என்றேன். என்ன என்று கேட்காமல் போய் எடுத்தாள்.

மேலே தூவும் ரொட்டித்தூள் பொன்னிறமாகி நிற்கிறதே, அந்த மேல்தட்டுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘பொருக்கு’ என்றால் காய்ந்த புண் நினைவுக்கு வருகிறது, ‘காந்தல்’ அடிப்பிடித்தது. ‘மேல்முறுகல்’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். இதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு செய்முறையைத் தங்கச்சிகளுக்கு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
ஒரு குழும உறுப்பினர்